வருக என்று எழுதிய கதவு

ஆடி பதினொன்றாம் தேதி மதியம் இரண்டரை மணி வாக்கில் காற்று தளவாயின் வண்டிவீட்டுக் கதவைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே போனபோது கதவோடு வீடும் போய்விட்டது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பிச்சம்மாள் ஓடிவந்து வாசல் இருந்த ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, அரிசி டின் இல்லை, அவளுடைய கல்யாணப் பெட்டி இல்லை, கட்டிலில் கால்கட்டோடு படுத்திருந்த புருஷனும் இல்லை. நாலு பக்கமும் பிளைவுட் பலகை ஓர் ஆணித் தடம்கூட இல்லாமல் கடையிலிருந்து இறக்கின அன்றைக்கு இருந்ததுபோல வழுவழுவென்று இருந்தது. காலையில் அவள் தாளித்த கடுகின் வாசனையும் வீட்டோடு போயிருந்தது.

அவர்கள் ராட்டினக்காரர்கள். கோயில் கொடை, மாதாகோயில் திருவிழா, சந்தனக்கூடு என்று எந்த ஊரில் கொடி ஏறினாலும் அந்த ஊர்ப் பொட்டலில் போய் இறங்கி, ராட்டினத்தை நட்டு, மரணக்கிணற்றுக்குப் பலகை அடுக்கி, பத்து நாள் ஊரைச் சுற்றவிட்டுச் சிரிக்கவிட்டு, கொடி இறங்கின மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற ஒன்பது குடும்பங்கள். பழைய டிராக்டர் டிரெய்லரின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பலகை அடித்து, தகரம் போர்த்தி, அவரவர் கையால் கட்டிக்கொண்ட வண்டிவீடுகள்தான் அவர்களுக்கு வீடு. உயரத்துக்கோ போலீசுக்கோ அவர்கள் பயந்ததில்லை, பேயை நிறையப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடியில் இறங்குகிற மேல்காற்று என்றால் மட்டும் ஒன்பது குடும்பமும் கையெடுத்துக் கும்பிடும்.

ஏனென்றால் காற்று வண்டியை ஒன்றும் செய்யாது, அது கதவுக்குத்தான் வரும். கையால் செய்த கதவு எங்கேயாவது ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத்தான் நிற்கும், காற்றுக்கு அந்த விரற்கடை போதும். அதனால் அவர்களிடம் சில முறைகள் உண்டு: வண்டியில் டிராக்டர் பூட்டுகிற மூக்கு மேற்கே பார்த்து நிற்க வேண்டும், கீல் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் காற்றே வந்து கதவைச் சாத்திக்கொடுக்கும், கதவைத் திறந்தால் பிடித்த கையை விடாமல் சுவரோடு சாய்த்துக் கொக்கியில் மாட்ட வேண்டும், சாத்தினால் உள்ளே இருப்பவர் தாழ்ப்பாள் போட வேண்டும், வெளியே போகிறவர் கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்குச் சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துக் கட்ட வேண்டும். வாசலில் யார் வந்து நின்றாலும், செத்த செய்தியே கொண்டுவந்தாலும், கொக்கி போட்ட பிறகுதான் பேச்சு. குழந்தைகளுக்கு அம்மா அப்பா சொல்ல வருவதற்கு முன்னால் கொக்கி போட வந்துவிடும்.

தளவாயின் கதவு மட்டும் அந்த முறைக்குள் அடங்காதது. ராட்டினத்தின் பழைய விளம்பரத் தகரத்தை வெட்டி அவன் அந்தக் கதவைச் செய்தான். அனைவரும் வருக என்று சிவப்பில் பெரிதாக எழுதின தகரம் அது, வெட்டினதில் அனைவரும் போய்விட்டது, வருக மட்டும் தங்கியது. கீலைத் தாங்குகிற இரும்புச் சட்டம் அதன் வலது ஓரத்தில்தான் இருந்தது, வண்டியின் மூக்கோ இடது பக்கம். கீல் மூக்குப் பக்கம் வரவேண்டுமென்றால் தகரத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், திருப்பினால் வருக தலைகீழாகிவிடும். ஊர் ஊராகப் போய் ஜனத்தை வா வா என்று கூப்பிட்டுப் பிழைக்கிறவன் தன் வாசலில் வருகவைத் தலைகீழாக மாட்டுவானா? தளவாய் கீலை வால் பக்கம் வைத்தான். வண்டியையே திருப்பி நிறுத்தலாம் என்றால் பின்சுவரில் கண்ணாடி இல்லாத பஸ் ஜன்னல் ஒன்று இருந்தது, மேற்கே காட்டினால் அடுப்பு நிற்காது. எனவே எட்டு வருடமாக அந்தக் கதவு தாழ்ப்பாளையும் ரப்பரையும் மட்டும் நம்பி நின்றது.

அன்றைக்குச் சண்டை. வைகாசியில் ராட்டினத்துக்குக் கிரீஸ் போட ஏறி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடந்த புருஷனிடம் பிச்சம்மாள் பழைய பேச்சை மறுபடியும் எடுத்தாள்.

"வள்ளியூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் பின்னால எடம் சும்மாத்தான கெடக்கு. ஒரு கல்வீடு கட்டி ஒக்காந்துருவோமே. போதும் இந்த அலைச்சல்."

"கல்வீட்டுல ஒக்காந்து என்னட்டி செய்ய? செவுத்தப் பாக்கவா?"

"இப்ப ரெண்டு மாசமா கூரையத்தான பாத்துட்டுக் கெடக்கிய."

விழுந்ததைச் சொல்லிக்காட்டினால் தளவாய்க்குப் பொறுக்காது. "அப்பம் நீ போ. போயி ஒங்க அக்கா வீட்டுலயே கெட. நான் கூப்பிட மாட்டேன்" என்றான்.

பிச்சம்மாள் இறங்கினாள், கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே அவன் ஊன்றுகோலால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போடுகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து ரப்பரைக் கையில் எடுத்தாள், ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கட்டாமல் வண்டிக்கு அடியில் எறிந்துவிட்டு ராட்டினத்தைப் பார்க்க நடந்தாள். முப்பதடி போயிருப்பாள், பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பிறகு யார் கேட்டாலும், "ரப்பரக் கட்ட மறந்துட்டேன்" என்றே சொன்னாள்.

வீடு போனதைப் பற்றி அந்தப் பொட்டலில் யாரும் வாய் பிளக்கவில்லை. கீலைப் பற்றித்தான் பேசினார்கள். டிராகன் ரயில்காரர், கதவு மாட்டின அன்றைக்கே தான் படித்துப் படித்துச் சொன்னதாகச் சொன்னார், பஞ்சுமிட்டாய்க்காரர் தானும் சொன்னதாகச் சொன்னார், யார் முதலில் சொன்னது என்பதில் இருவருக்கும் சாயங்காலம்வரை பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. வீடு என்பது கதவுக்குப் பின்னால் இருப்பது, கதவு போனால் அதுவும் போகத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்பதே பொதுவான அபிப்பிராயம். அன்றிலிருந்து எல்லோரும் ரப்பரை இரட்டையாகக் கட்டினார்கள், வெளியே போகும்போது முக்கியமானதைக் கையோடு எடுத்துக்கொண்டும் போனார்கள். டிராகன் ரயில்காரர் கொல்லைக்குப் போனாலும் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டே போனார்.

மறுநாள் விடிந்ததும் பிச்சம்மாள் அந்த வெறும் வண்டியை டிராக்டரில் பூட்டச் சொன்னாள். ஓட்டுவதற்கு மரியபுஷ்பம் வந்தாள். மரணக்கிணற்றில் இரண்டு கையையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மரியபுஷ்பத்துக்கு ரோட்டில் டிராக்டர் ஓட்டுவது உட்கார்ந்து காய் நறுக்குகிற வேலை மாதிரி.

"காத்து போற பக்கமே போவோம் மைனி. கதவு எங்க போயிரும்? கெழக்கதான் போவும்" என்றாள்.

முதல் சேதி நல்லான்விளையில் கிடைத்தது. அந்த ஊரில் கதவு ஒரு மாட்டுத் தொழுவத்துச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றிருக்கிறது. புல்லுக்கட்டோடு வந்த வீட்டுக்காரி, தன் தொழுவத்துக்கு எப்போது கதவு வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே திறந்திருக்கிறாள். உள்ளே ஒரு குடித்தனமே சரிந்து நின்றது. தரையோடு முடுக்கின கட்டிலில் ஒரு ஆம்பிளை பச்சைச் சேலையால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"யாரு அண்ணாச்சி நீங்கன்னு கேட்டேன்" என்று அவள் பிச்சம்மாளிடம் சொன்னாள். "அதெல்லாம் பெறவு சொல்லுதேன், மொதல்ல கதவ நேரா நிறுத்து தாயி, எல்லாம் சரியுதுன்னாவ. நாலு பேராச் சேந்து நிமித்தி வச்சோம், வீடும் நிமிந்துட்டு. ராத்திரிக்குப் புட்டும் பயறும் குடுத்தேன். காலைல காத்து கொண்டுபோயிட்டு. மேக்கேருந்து கதவில்லாத வண்டியோட ஒரு பொம்பள வருவா, வந்தா சொல்லச் சொன்னாவ."

"என்ன சொல்லச் சொன்னாவ?"

"நானா எறங்கிப் போவல, காத்துதான் கொண்டுபோச்சுன்னு சொல்லச் சொன்னாவ."

பிச்சம்மாள் தலையாட்டினாள். ரப்பரைக் கட்ட மறந்துவிட்டதாக அந்த வீட்டுக்காரியிடமும், அவள் கேட்காமலேயே, ஒரு தடவை சொன்னாள்.

அடுத்து சிவந்தியார்குடி. அங்கே கதவு ரேஷன் கடைச் சுவரில் போய் ஒட்டியிருந்ததால் ஊருக்கு அது பெரிய சௌகரியமாகிவிட்டது. வெயிலில் வரிசையில் நின்ற ஜனம், வருக என்று எழுதியிருக்கிறதே என்று ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்கள், தளவாய் கட்டிலில் இருந்தபடியே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறான், பத்துக்கு ஆறடி அறைக்குள் நாற்பது பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இந்த ஆளை ஊர்க்காரனாகச் சேர்த்து ஒரு கார்டு கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்க, கதவு எண் என்ன போடுவது என்பதில் அது நின்றுபோனது. மூன்று நாள் துவைக்கிற கல்லை அண்டக்கொடுத்துக் கதவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நாலாம் நாள் காற்று கல்லைப் புரட்டிவிட்டது. சேதி இதுதான்: ராட்டினத்தில் மூன்றாம் பெட்டி நட்டு லூசாக இருக்கிறது, முடுக்கச் சொல்லவும்.

"காத்துல பறக்கும்போதும் இவியளுக்கு நட்டு நெனப்புதான்" என்று பிச்சம்மாள் எரிந்து விழுந்தாள். மரியபுஷ்பம் சிரித்துச் சிரித்து டிராக்டரைப் பள்ளத்தில் இறக்கினாள்.

மூன்றாவது ஊர் பொட்டல்குளம். அந்த ஊரார் நிதானமானவர்கள். தளவாயைக் கட்டிலோடு தூக்க முடியாமல் ஆளை மட்டும் தூக்கி வெளியே கொண்டுவந்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, "அண்ணாச்சி, மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோயி பஸ்ஸு ஏத்திவிடுதோம், ஒங்க ஆளுக இருக்க எடத்துக்குப் போயிருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"கேக்கலம்மா" என்று நாவிதர் சொன்னார். "நான் எறங்கிட்டா வீடு ஆளில்லாமப் போயிரும், அவ சாமானெல்லாம் இதுலதான் கெடக்கு, அவ பொட்டி கெடக்குன்னு சொல்லி, தூக்கிக் கொண்டுபோயி உள்ள விடச் சொல்லிட்டாவ. நேத்து மத்தியானம் காத்து எடுத்துட்டு."

"எனக்கு எதும் சொன்னாவளா?"

நாவிதர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வரலன்னாலும் குத்தமில்ல, வள்ளியூர்ல கல்வீடு கட்டிக்கிடட்டும்னு சொல்லச் சொன்னாவ."

பிச்சம்மாள் வண்டியின் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பத்து நாளாக வராத அழுகை. கல்வீடு கேட்டதற்காக அவள் அழவில்லை, அதை இப்போதும் அவள் கேட்பாள். ரப்பரை எறிந்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே அழுதாள். மரியபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

"மறந்ததுக்கு எதுக்கு மைனி இம்புட்டு அழுவ? யாருன்னாலும் மறக்கதான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டிய எடு புஸ்பம். இதுக்குப் பெறவு என்ன ஊரு?"

"ஊரு இல்லம்மா" என்றார் நாவிதர். "தேரி மண்ணு. அதத் தாண்டினா கடலு."

தேரி என்றால் செம்மணல் மேடு, பனையைத் தவிர வேறொன்றும் நிற்காத இடம், மணலே காற்றில் இடம் மாறிப் படுக்கிற நிலம். டிராக்டரின் சக்கரம் புதையப் புதைய, முள்ளை வெட்டிப் போட்டு ஏற்றி, சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, இருவரும் உச்சிவெயிலில் மேட்டின் மறுபுறம் இறங்கியபோது கதவு தெரிந்தது. இரண்டு பனைகளுக்கு நடுவில் அது நிமிர்ந்து நின்றது. பனையேறிகள் நாலு பேர் அதை ஏழு நார்க்கயிறு போட்டு மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அதில் மூன்று ஏற்கெனவே அறுந்திருந்தது. பின்னால் கூப்பிடு தூரத்தில் கடல் இரைந்தது.

"கெட்டிப் போட்டோம், அதுக்கு மேல எங்க கையில இல்ல" என்றார் பனையேறிகளில் மூத்தவர், ஏதோ மாட்டைக் கட்டினதைச் சொல்வதுபோல. "நேத்தையிலருந்து தொறக்க முடியல. விரலளவு தொறந்தாலும் காத்து புடிச்சு இழுக்கு. காயவச்ச பனங்கெழங்க சன்னமாக் கீறி கீழ்ச்சந்து வழியாத் தள்ளினோம், சாப்புட்டுகிட்டாவ."

கயிற்றை அவிழ்த்தால்தான் கதவை வண்டியில் மாட்டலாம், அவிழ்த்த நிமிஷம் காற்று கடலுக்குள் கொண்டுபோய்விடும். மரியபுஷ்பம் கதவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், மேற்கே பார்த்தாள், வண்டியின் மூக்கைப் பார்த்தாள், கீலைப் பார்த்தாள். "தலைகீழாத்தான் திருப்பணும் மைனி. மரத்தோட வச்சே ஒரு பொரட்டு. கீலு மூக்குப் பக்கம் வந்துட்டுன்னா காத்தே அழுத்திப் புடிச்சுக்கிடும்."

"உள்ள ஆளு இருக்காவளே."

"அதான், கேளுங்க."

பிச்சம்மாள் கதவின் கைப்பிடி ஓட்டையில் வாயை வைத்தாள். "ஏங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யாரு? பிச்சம்மாவா?"

"ஆமா."

பிறகு தளவாய் கேட்டான், "அன்னைக்கி ரப்பரு கெட்டலயாட்டி?"

"கெட்டல."

"மறந்துட்டியோ?"

மற்ற எட்டுக் குடும்பத்திடமும் இரண்டு ஊரிடமும் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. "மறக்கல" என்றாள் பிச்சம்மாள். "கையில எடுத்தேன். தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டேன்."

மரியபுஷ்பம் மணலைப் பார்த்தாள். பனையேறிகள் தூரமாக நகர்ந்து நின்றார்கள். நாலாவது கயிறு பட்டென்று அறுந்தது.

"நானும் தாழ்ப்பாள எடுத்துட்டேன்" என்றது உள்ளேயிருந்து குரல்.

"எதுக்கு?"

"ஒன்னக் கூப்பிட. கூப்பிட மாட்டேன்னு சொன்னனா, சொல்லி வாய மூடல, மனசு கேக்கல. கம்பால தாழ்ப்பாளத் தள்ளினேன், கூப்பிட வாயத் தொறந்தேன், காத்து உள்ள வந்துட்டு."

"கொக்கி போடாமலா பேச வந்திய?"

"அவசரமாட்டு இருந்துச்சு."

அவள் நெற்றியைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள். தகரம் கொதித்தது, எடுக்கவில்லை. "தலைகீழாத் திருப்பணுமாம்" என்றாள் சற்றுக் கழித்து. "புஸ்பம் சொல்லுதா. இல்லாட்டி கடலுக்குப் போயிரும்."

"வருக?"

"தலைகீழாத்தான்."

"பாக்கவன்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஒங்களுக்குச் சிரிப்பாணி காட்டிப் பொழைக்கது புதுசா?"

உள்ளே பெருமூச்சு. "ஒஞ் சேலையால என்னக் கட்டிலோட கெட்டியிருக்கேன். அவுக்கட்டுமா, இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். அவுக்காதிய."

"அப்பம் திருப்பு."

நாலு பனையேறிகளும் இரண்டு பெண்களுமாக மூலைக்கு மூலை கைகொடுத்து, மிச்சக் கயிற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பிடித்து, மரத்தை ஒட்டியே கதவைப் புரட்டினார்கள். உள்ளே ஒரு வீடே கவிழ்கிற சத்தம் கேட்டது. அரிசி டின் உருண்டது, பானை உடைந்தது, கல்யாணப் பெட்டி தடாலென்று கூரையில் விழுந்தது, ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டது. மரியபுஷ்பம் டிராக்டரைச் சுற்றிக் கொண்டுவந்து, மூக்கை மேற்கே வைத்து, வண்டியின் ஓட்டை கதவுக்கு நேராக வரும்படி அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளினாள். கீல் மூக்குப் பக்கம் விழுந்து பொருந்தியது, கயிற்றை அவிழ்த்தார்கள். காற்று வந்தது, எட்டு வருடமாகப் பிடுங்கப் பார்த்த கதவைத் தேடி வந்து, இந்தத் தடவை அதை அழுத்திச் சட்டத்தோடு சாத்திவிட்டு, வேறு வேலையாகக் கடல் பக்கம் போனது.

பிச்சம்மாள் கதவை இழுத்துத் திறந்தாள், பிடித்த கையை விடாமல் உள்ளே நுழைந்தாள், சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள். அவள் நின்றது கூரையின் மேல். காலடியில் அரிசியும் உடைந்த பானை ஓடும் சாமி படமும் கிடந்தன. அண்ணாந்து பார்த்தாள். தரையோடு முடுக்கின கட்டிலிலிருந்து பச்சைச் சேலையில் தூளிக் குழந்தைபோலத் தளவாய் தொங்கிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சிவந்து, புது முடிவெட்டோடு.

"தாழ்ப்பாளு போட்டியா?" என்று கேட்டான்.

"போட்டேன்."

"அப்பம் பேசு."

பெட்டியின் மேல் ஏறி நின்று, முடிச்சை அவிழ்த்து, ஒடிந்த காலை முதலில் தாங்கி, அவனை இறக்கினாள்.

அந்த வீடு இன்றைக்கும் தலைகீழாகத்தான் இருக்கிறது. மின்விசிறி தரையிலிருந்து முளைத்து நிற்கிறது, பக்கத்து வண்டிக் குழந்தைகள் வந்து அதில் துணி காயப்போடுகிறார்கள். மற்ற வண்டிவீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, காற்றுக்குத் தலைகீழ் எழுத்து வாசிக்க வராது என்று முடிவுகட்டி, கதவில்லாத பக்கத்தில்கூட வருகவைத் தலைகீழாக எழுதிக்கொண்டார்கள். வள்ளியூரில் அக்கா வீட்டுக்குப் பின்னால் பிச்சம்மாள் ஒரே ஒரு சுவர் கட்டினாள், கல்லும் சிமெண்டும் வைத்து, கூரை இல்லாமல், பின்னால் உடைமரத்தைத் தவிர ஒன்றுமில்லாமல். ஆனியும் ஆடியும் கதவு அந்தச் சுவரில் இருக்கும், ஆவணி பிறந்ததும் கழற்றி வண்டியில் மாட்டிக்கொண்டு ராட்டினத்தோடு போய்விடுவார்கள்.

வெளியே போகும்போது அவள் இன்னும் ரப்பரைக் கட்டுகிறாள். கீல் சரியான பக்கத்தில் இருக்கிறது, காற்றே சாத்திக்கொள்கிறது, தேவையில்லை என்று மரியபுஷ்பம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கல்சுவரில் இருக்கும்போதும், அங்கே சக்கரம் கிடையாது, சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்துக்கொண்டு அதில் இழுத்துக் கட்டுகிறாள். உள்ளே தளவாய், ரப்பர் இழுபடுகிற சத்தம் கேட்கும்வரை தாழ்ப்பாளைப் போடக் கை நீட்டுவதில்லை.